தங்கச்சி நின்ற பக்கம்

தலைக்கு டை பூசியாச்சு. வகிடு, காதோரம், பின்னங்கழுத்து எல்லாம் பூசியாச்சு, இனி காயுற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஞாயித்துக்கிழமை பகல்ல பழைய நைட்டியும் தோள்ல கிழிஞ்ச துண்டுமா மாடி பால்கனியில பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருக்கேன், கை ரெண்டும் கறுப்பு, பாக்கெட்டோட வந்த கையுறை போன தடவையே கிழிஞ்சுபோச்சு. போன் அதோ வாஷிங் மெஷின் மேல கிடக்கு. சத்தம் வந்தப்ப பாதித் தலை பூசியிருந்தேன், எட்டிப் பார்த்தா கதிரேசன் சார். வாய்ஸ் மெசேஜ். மூணு மாசமா ஒரு வார்த்தை பேசாத மனுஷன், இன்னைக்குப் பார்த்து, கையைத் துடைச்சாலும் போகாத நேரமாப் பார்த்து. நல்லவேளைன்னும் தோணுது. கை சுத்தமா இருந்திருந்தா மட்டும் உடனே கேட்டிருப்பேனா, மாட்டேன், காய்கறி நறுக்கியிருப்பேன், குழம்புக்கு அரைச்சிருப்பேன், என்னத்தையாச்சும் பண்ணித் தள்ளிப் போட்டிருப்பேன். அதுக்கு மேல எங்க ஆப்பை நடத்துற தம்பி தணிகைவேல் வேற நிக்கிறான் வாசல்ல. வாசல்லன்னா போன்லதான். அக்கா, அந்தப் புதுத் திருத்தத்தைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க, சாயங்காலம் எல்லார் போனுக்கும் அனுப்பணும்னு காலையிலேயே எழுதிட்டான். நான் சரின்னாதான் சேரும். அந்தப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. நல்ல பொறுப்பு. இன்னொருத்தன் சமைச்சதை ருசி பார்த்து நல்லா இருக்குன்னு சொல்ற பொறுப்பு.

கழுத்துல ஒரு சொட்டு இறங்குது. துண்டு பிடிச்சுக்கும், விடு. மெசேஜ் நீளமா இருந்துச்சா குட்டியா இருந்துச்சா, சரியாப் பார்க்கலை. சாரோட மெசேஜ் குட்டியாத்தான் இருக்கும், "குணாம்மா, கதிரேசன். தங்கச்சி இன்னைக்கு நூத்திநாப்பதாம் பக்கத்துல மயங்கி விழுந்துட்டா, தண்ணி தெளிச்சு எழுப்பணும்", அவ்வளவுதான், ஒரு சிரிப்பு, வெச்சுருவாரு. தங்கச்சின்னு அவரு சொல்றது எங்க ஆப்ல படிச்சுக் காட்டுற குரலை. உரக்கன்னு எங்க ஆப்புக்குப் பேரு, தமிழ்ப் புத்தகத்தைப் போன் வாய்விட்டுப் படிக்கும், கண்ணு தெரியாதவங்களுக்காகப் பண்ணினது, யாருக்கும் விலை கிடையாது, உள்ள எப்படி ஓடுதுங்கிறதையும் திறந்தே வெச்சிருக்கோம், யார் வேணும்னாலும் பார்க்கலாம், எடுக்கலாம், சரி பண்ணலாம். ஓப்பன் சோர்ஸ்னு சொன்னா என் வீட்டுக்காரருக்கு விளங்கலை, ஊர்ப் பொதுக்கிணறுன்னு சொன்னேன், அப்ப தூர் வார்றவ நீயான்னு கேட்டாரு. கதிரேசன் சார் மானாமதுரைப் பக்கம் சரித்திர வாத்தியார். பிறவியிலேயே பார்வை இல்லை. நேர்ல நான் பார்த்ததே கிடையாது, அவரும் என்னைப் பார்க்கப் போறதில்லைன்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. இந்தக் கரூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி கணக்குப் பிரிவுல உக்காந்து பெட்ஷீட் டவலுக்கெல்லாம் வரி போடுறவளுக்கு, மானாமதுரையில ஒருத்தர் நான் எழுதின நாலு வரி புரோகிராமால புத்தகம் கேட்கிறாரு. அது ஒரு பெரிய விஷயமா? எனக்குப் பெரிய விஷயம். வேற என்ன இருக்கு எனக்கு.

தங்கச்சிக்கு ஒரே ஒரு வியாதி. பெரிய புத்தகமா இருந்தா நடுவுல பேச்சு நின்னுரும். நின்னது மட்டும் இல்லை, எந்தப் பக்கம்கிறதையும் மறந்துரும், திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும். கண்ணு இருக்கிறவன் புரட்டிக்கிட்டுப் போயிடுவான், சார் மாதிரி ஆளு என்ன பண்ணுவாரு, குத்துமதிப்பாத் தள்ளித் தள்ளிக் கேட்டுத் தேடணும். விலை குறைஞ்ச போன்லதான் அது வரும், என் போன்ல வரவே வராது, அதனால பிடிபடலை. எங்க ஆளுங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு, ஒரு கோளாறை ஒருத்தர் கையில எடுத்தா, நெட்ல அதை எழுதி வெச்சிருக்கிற இடத்துக்குக் கீழ "நான் பார்க்கிறேன்"னு ஒரு வரி எழுதிடணும். எழுதிட்டா வேற யாரும் அதைத் தொட மாட்டாங்க. ஒரு வருஷம் ஆனாலும் சரி. கேட்கலாம், உதவி பண்ணலாம், தொடக் கூடாது. அதே மாதிரி பாதி பண்ணினதையும் தினமும் எல்லாரும் பார்க்கிற இடத்துல வெச்சுடணும், நாளைக்கு நான் செத்துப்போனாலும் இன்னொருத்தர் தொடரட்டும்னு. நான் பார்க்கிறேன்னு எழுதினேன். பார்த்தேன், பார்த்தேன், ரெண்டு தீபாவளி பார்த்தேன். ஆபீஸ் விட்டு வந்து, சாதத்தை வெச்சுட்டு, குக்கர் சத்தம் போடுறதுக்குள்ள கொஞ்சம். சார் சொல்ற பக்க நம்பரை வெச்சு நானும் அதே புத்தகத்தை, அதே மாதிரி ஒரு ஓட்டை போனை வாங்கிப்போட்டுக் கேட்பேன். ஒருநாள் அவருக்கு நின்ன அதே பக்கத்துல எனக்கும் நின்னுச்சு. அட, அன்னைக்கு நான் ஆடின ஆட்டத்தை யாராச்சும் பார்த்திருக்கணும். கோளாறு சரியாகலை, கோளாறு வந்ததுக்குச் சந்தோஷம். சாருக்குப் போன் பண்ணி நின்னுருச்சு சார் நின்னுருச்சுன்னு சொன்னேன், அவரும் கைதட்டினாரு, ரெண்டு கிறுக்குங்க. அந்தச் சந்தோஷத்துக்கு யாரும் எனக்குச் சம்பளம் தரலை. தந்திருந்தா வந்திருக்காது. இதைச் சொன்னா ஒருத்தருக்கும் புரியலை.

நெத்தியில அரிக்குது. சொறியக் கூடாது, சொறிஞ்சா நாளைக்கு ஆபீஸ்ல நெத்தியில கறுப்புப் பொட்டோட உக்காரணும். அடுத்த வீட்டு டிவியில எவனோ பல்பொடி விக்கிறான். அந்தப் பவுன்ட்டி, அதான் முடிக்கிறவங்களுக்குன்னு வெச்ச பரிசுப் பணம், அது வராம இருந்திருக்கலாம். தணிகைவேல் ஒருநாள் குரூப்ல எழுதினான், பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் பணம் குடுத்திருக்காரு, தங்கச்சி நிக்கிற கோளாறுக்குத்தான் போடணும்னு சொல்லிட்டாரு, யார் முதல்ல முடிச்சுக் குடுக்கிறாங்களோ அவங்களுக்கு. என் ஒரு மாசச் சம்பளத்துக்கு லேசாக் குறைச்சல். என் கோளாறுக்கு. நான் பார்க்கிறேன்னு எழுதியிருந்த வரிக்கு மேலேயே பச்சைக் கலர்ல பணத்தை ஒட்டி வெச்சுட்டாங்க. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னா, சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு ரெண்டு பந்தி ஓடி ஓடிப் பரிமாறிட்டு வர்றப்ப, மண்டபத்து வாசல்ல எவனோ கூப்பிட்டுக் கையில ஒரு நோட்டைத் திணிச்சா எப்படி இருக்கும், அப்படி. இவரு சொன்னாரு, காசு வந்தா நல்லதுதானே, இந்த மெஷின் ஆடுற ஆட்டத்துக்கு இதை மாத்திப்புடலாம், சும்மா செஞ்சா எவனுக்கும் இளக்காரம்தான் குணா. தப்பாச் சொல்லலை. பஸ்ஸுக்குக் கூடு கட்டுற பட்டறையில முப்பது வருஷம் நிக்கிற மனுஷன், உழைச்சா கூலின்னு சொல்றாரு. தணிகைவேலும் தப்பில்லை, வேலை இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க, நாலு காசு கிடைச்சா வருவாங்கல்ல, நம்ம ஓய்வு நேரத்தையே நம்பி ஒரு பார்வையில்லாதவர் எத்தனை நாள் காத்திருப்பாருன்னு கேட்டான். அதுதான் நெஞ்சுல தைச்சுது. எத்தனை நாள் காத்திருப்பாரு. நான் சந்தோஷமாப் பார்த்துக்கிட்டு இருந்த ரெண்டு வருஷமும் அந்த மனுஷன் தள்ளித் தள்ளித் தேடிக்கிட்டு இருந்திருக்காரு. அப்ப யாருக்காகப் பார்த்தேன் நான், அவருக்கா எனக்கா.

அன்னையில இருந்து கை போகலை. சத்தியமாப் போகலை. முக்கால்வாசிக்கு மேல முடிஞ்சுபோச்சு, நிக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு, புத்தகத்தை மொத்தமா விழுங்காம பக்கம் பக்கமா எடுத்துப் படிக்க வெச்சுட்டேன், மறதிக்குத்தான் ஒரு கடைசி வேலை பாக்கி. உக்காருவேன். திறப்பேன். இதை முடிச்சா இவ பணத்துக்காக முடிச்சான்னு ஆகும். பணம் வேண்டாம்னு சொன்னா பெரிய தியாகின்னு ஆகும், வாங்குற பிள்ளைங்களுக்குச் சங்கடம். வாங்கிட்டா, ரெண்டு வருஷத்துக்கு இதுதானா கூலின்னு என் மனசே கணக்குப் போடும், அதுவும் கணக்குப் பிரிவுல இருக்கிறவ மனசு, சும்மா இருக்குமா, மணிக்கு இவ்வளவுன்னு வகுத்துப் பார்த்தேன் ஒருநாள், வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்கு நாங்க குடுக்கிறதை விடக் கம்மி. போட்டிருக்கவே கூடாது அந்தக் கணக்கை. அதுவரைக்கும் அதுக்கு விலையே இல்லாம இருந்துச்சு, விலையே இல்லாததைக் குறைச்சல்னு யாரும் சொல்ல முடியாது. திறப்பேன், மூடுவேன். அந்தப் பேர் சொல்லாத புண்ணியவானைத் திட்டுவேன், எவனோ பணம் கொழுத்தவன், ஊர்க்கிணத்துல காசை விட்டெறிஞ்சு வேடிக்கை பார்க்கிறான்னு. கதிரேசன் சாரும் அதோட நின்னுட்டாரு. எந்தப் பக்கத்துல நின்னுச்சுன்னு ஒரு மெசேஜ் இல்லை. முதல் வாரம் ஊருக்குப் போயிருப்பாருன்னு நினைச்சேன். அப்புறம் பரீட்சை நேரம்னு நினைச்சேன். அப்புறம் கோவம்னு தெரிஞ்சுபோச்சு. பணம் ஒட்டினதும்தானே அவருக்கும் தெரிஞ்சிருக்கும், இத்தனை நாள் இவ இழுத்தடிச்சிருக்கான்னு. நான் கேட்டிருக்கலாம். என்ன சார் பேச்சைக் காணோம்னு ஒரு வார்த்தை. பயம். கேட்டா சொல்லிருவாரோன்னு பயம்.

போன வாரம் எவனோ ஒருத்தன் முடிச்சு அனுப்பிட்டான். எந்த ஊர்னு தெரியலை, பேருகூடப் பேரு மாதிரி இல்லை, இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா இருக்கு. நான் பார்க்கிறேன்கிற வரியைப் பார்த்திருப்பான், அதுக்கு அர்த்தம் தெரியாது. நான் திறந்து வெச்சிருந்த முக்கால்வாசியையும் அப்படியே எடுத்துக்கிட்டான், கடைசியில இருபது வரி சேர்த்திருக்கான், முடிஞ்சுது. திருட்டு இல்லை. எடுக்கச் சொல்லித்தானே வெச்சேன். கீழ ஒரு வரி வேற எழுதியிருக்கான், குணசுந்தரி அவர்கள் முன்பு செய்த வேலைக்கு நன்றின்னு. அதைப் படிச்சப்பதான் வயித்தெரிச்சல் தாங்கலை, அயோக்கியனா இருந்திருந்தா திட்டியாச்சும் தொலைச்சிருப்பேன். தணிகைவேல் கூப்பிட்டு, அக்கா ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கலாமே, அவன்கிட்ட நான் பேசுறேன்னு சொன்னான். எனக்கு வந்துச்சே கோவம், பிச்சையான்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். அவன் என்ன பண்ணுவான் பாவம். அப்புறம் அதைச் சோதிக்கணும்ல, சோதிச்சேன். கையில கிடைச்ச பெரிய புத்தகம் எல்லாத்தையும் அந்த ஓட்டை போன்ல வெச்சுக் கேட்டேன். நிக்கணும்னு வேண்டிக்கிட்டு கேட்டேன். சொல்லவே அசிங்கமா இருக்கு, ஆனா அப்படித்தான் வேண்டினேன், கோயில்ல நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு, நில்லு தாயி, ஒரே ஒரு தடவை நில்லுன்னு. நிக்கலை. அருமையா ஓடுது. அப்படியும் நேத்து தணிகைவேலுக்கு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன், இன்னும் பழைய போன்களில் சோதிக்க வேண்டும், இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்னு. அனுப்பலை. எழுதினது அப்படியே இருக்கு. சோதிச்சாச்சு, பொய்தான். ஒரு ரெண்டு வாரம் தள்ளினா, அதுக்குள்ள அந்தக் கடைசி வேலையை நானே வேற மாதிரிப் பண்ணிட்டா, சார்கிட்ட நான்தான் முடிச்சேன்னு சொல்லலாம். பணம் அவனே வெச்சுக்கட்டும். எனக்குச் சாருகிட்டச் சொல்லணும், அவ்வளவுதான். அதுக்காக இன்னொரு ரெண்டு வாரம் அவரைத் தேட விடுறதா. விட்டா என்ன. ரெண்டு வருஷம் தேடலையா. சீ.

காஞ்சுருச்சு. இழுத்துப் பிடிக்குது தலை, வாடை மூக்கைக் குத்துது. போய் அலசணும், அலசிட்டா கை சுத்தமாயிடும், கை சுத்தமானா மெசேஜைக் கேட்கணும். இன்னும் கொஞ்சம் ஊறட்டும். அதிகம் ஊறினா தோல் எரியும்னு பாக்கெட்ல போட்டிருக்கான், எரியட்டும். என்ன சொல்லியிருப்பாரு, உங்களால முடியாததை யாரோ ஒரு வாரத்துல முடிச்சுட்டாராமே குணாம்மான்னு சொல்லியிருப்பாரு. சொல்ல மாட்டாரு, அந்த மாதிரி ஆளு இல்லை. சொல்லாம விட்டாதான் இன்னும் மோசம். ஒருவேளை தங்கச்சி திரும்ப எங்கேயாச்சும் நின்னுருச்சா? நின்னுருந்தா? அடடா, நின்னுருந்தா நல்லா இருக்குமே. அந்த நினைப்பு வந்ததும் விறுவிறுன்னு எழுந்துட்டேன் பாரு, குழாயடிக்கு ஓடினேன் பாரு. கறுப்புத் தண்ணி கால்ல ஓடுது, ஓடி முடியுற மாதிரித் தெரியலை, பாதியில துண்டைச் சுத்திக்கிட்டு வந்துட்டேன். நகத்துல கறுப்பு போகலை. கதிரேசன் சார் மெசேஜ் நீளமாத்தான் இருக்கு. அமுக்கினேன்.

"குணாம்மா, கதிரேசன். நல்லா இருக்கீங்களா. தணிகைவேல் தம்பி கேட்டுப் பாருங்கன்னு புதுசை அனுப்பியிருந்தாரு. வெச்சேன். தங்கச்சி நிக்கலம்மா. கடைசிப் பக்கம் வரைக்கும் நிக்காமப் படிச்சுட்டா. முடிஞ்சப்புறமும் சும்மாவே உக்காந்திருந்தேன். யார் முடிச்சதுன்னு தம்பி சொல்லலை, ஆனா எனக்குத் தெரியும், இது உங்க கைவேலை. இப்ப ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. அந்தப் பணம் போட்டது நான்தாம்மா. சம்பள அரியர் வந்துச்சு. நேராக் குடுத்தா வாங்க மாட்டீங்க. பரிசுன்னு போட்டா உங்களைத் தவிர யாருக்குப் போகப்போகுது, நீங்கதானே பார்க்கிறேன்னு எழுதியிருந்தீங்க. பணத்தையும் போட்டுட்டு, இந்தப் பக்கத்துல நின்னுச்சு அந்தப் பக்கத்துல நின்னுச்சுன்னு சொன்னா, வேலை வாங்குற மாதிரி ஆயிடுமேன்னுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். வந்து சேர்ந்துச்சான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு இல்லம்மா."

திரும்பக் கேட்டேன். தொந்தரவுன்னுதான் சொல்றாரு. தொந்தரவா அது. வாயைக் கட்டிக்கிட்டு இருந்தாராம். நான் அங்க கோவம்னு நினைச்சுக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். பணம் கொழுத்தவன்னு யாரைத் திட்டினேன் நான், எத்தனை நாள் திட்டினேன், அரியர் பணம்யா அது, வாத்தியார் அரியர். அழுகை வரும்னு பார்த்தேன், வரலை, துண்டுல இருந்து கறுப்புத் தண்ணிதான் கன்னத்துல இறங்குது. சார் நான் முடிக்கலைன்னு சொல்லலாம். சொன்னா? எவனோ ஊர் பேர் தெரியாதவனுக்கா போச்சுன்னு அந்த மனுஷன் உக்காந்துருவாரு. அவன் மேல தப்பில்லை, அவனுக்கும் வாடகை இருக்கும். முதல்ல அந்த எழுதி வெச்சிருந்த பொய்யை அழிச்சேன். தணிகைவேலுக்கு, சேர்த்துக்கலாம், நல்லா ஓடுதுன்னு எழுதினேன். யாருக்குப் பணம் போச்சுன்னு கதிரேசன் சாருக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது தம்பின்னும் எழுதினேன். அப்புறம் நெட்ல அந்தக் கோளாறை எழுதி வெச்சிருக்கிற இடத்துக்குப் போயி, நான் பார்க்கிறேன்கிற என் வரியை எடுத்தேன். உறுதியாகத்தானான்னு போன் கேட்டுச்சு. ஆமான்னேன். கடைசியில சாருக்குத்தான் அனுப்பணும். பேசினா குரலே காட்டிக் குடுத்துரும், எழுதிட்டேன், எழுதினா தங்கச்சி குரல்லயே போன் அவருக்குப் படிச்சுக் காட்டும்.

"வந்து சேர்ந்துச்சு சார். ரொம்ப நன்றி."

கேட்டுட்டாரு போல, நீல டிக் விழுந்துச்சு. பதில் ஒண்ணும் வரலை. இனி எதுக்கு வரணும், நின்னாத்தானே சொல்றதுக்கு. கீழ வண்டிச் சத்தம், இவரு கறி வாங்கிட்டு வந்துட்டாரு, படியேறி வந்து என்னைப் பார்த்துட்டு, என்னடி இன்னும் சரியா அலசலையா, மூஞ்சியெல்லாம் வழியுதுன்னாரு. அலசணும்னேன். அவரு உள்ள போனதும் அந்த ஓட்டை போனை எடுத்து, சார் எப்பவும் கேட்கிற அந்தப் பெரிய புத்தகத்தை வெச்சேன். நூத்திநாப்பதுக்குக் கொஞ்சம் முன்னால தள்ளி வெச்சு, சேர்ல உக்காந்தேன். தங்கச்சி படிக்க ஆரம்பிச்சா. நூத்திநாப்பது தாண்டினா. நூத்திநாப்பத்தொண்ணு. மூச்சுகூட விடாமப் படிச்சுக்கிட்டே போறா. தலை எரியுது, எழுந்து போகணும், எங்கேயாச்சும் ஒரு பக்கத்துல நிப்பாளான்னு உக்காந்திருக்கேன்.